இடப்பக்க அறை ஏன் பூட்டியிருக்கிறது?

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் இருக்கும் எங்கள் தொடர்பகத்தின் இடப்பக்க அறை பூட்டியே கிடக்கிறது. தையல் கடைக்கு, கூரியருக்கு என்று அதைக் கேட்டு வந்தவர்கள் எல்லோரும் தெரிந்தவர்கள். இல்லை என்று சொல்ல எங்களுக்கும் சங்கடம்தான். அதனால் காரணத்தை எழுதுகிறோம்.

கட்டடம் எங்களுடையதல்ல, குத்தகைக்கு எடுத்தது. உரிமையாளரின் எழுத்துமூலச் சம்மதத்தை முன்கூட்டியே பெறாமல் எந்தப் பகுதியையும் உபகுத்தகைக்கு, அதாவது நாங்கள் எடுத்த இடத்தை இன்னொருவருக்குக் குத்தகைக்கு, கொடுக்கக்கூடாது என்று குத்தகை உறுதியில் இருக்கிறது. மீறினால் அவர் குத்தகையையே முடித்துக்கொள்ளலாம். அப்போது எங்களை நம்பி முற்பணம் கட்டியவரும் தையல் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு வெளியேற வேண்டியதுதான். உரிமையாளரோ வெளிநாட்டில் இருக்கிறார். தொலைபேசியில் அவர் தலையாட்டுவது எழுத்துமூலச் சம்மதம் ஆகாது.

1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டமும், அது நடைமுறையில் உள்ள இடங்களில், இதே சம்மதத்தைத்தான் கேட்கிறது. வேறாகப் பிரிந்த ஒரு பகுதியை ஒருவர் வாடகை கொடுத்துத் தனக்கு மட்டுமாக வைத்திருந்து, இடத்தைக் கொடுத்தவரும் அதன்மேல் தன் கட்டுப்பாட்டை விட்டிருந்தால்தான் அந்தச் சட்டப்படி அது உபகுத்தகை. எங்கள் வாசலில் கைபேசி திருத்தும் தம்பியின் கண்ணாடி மேசை அப்படியல்ல. தடுப்பு இல்லை, திறப்பு எங்களிடம், இரவில் பூட்டுவதும் நாங்களே. ஆனால் ஒப்பந்தம் சட்டத்தைவிட இறுக்கமாக எழுதப்பட்டிருக்கலாம். ஆகவே அந்த மேசைக்கும் உரிமையாளரிடம் கடிதம் வாங்கியே வைத்திருக்கிறோம்.

போட்டோக்கொப்பி எடுக்க வரும் தாள்களைப் பார்த்தால் சில வேளைகளில் பயமாக இருக்கிறது. முத்திரை ஒட்டி இருவர் ஒப்பமிட்ட ஒற்றைத் தாளை நம்பிப் பெருந்தொகை முற்பணம் கொடுத்திருப்பார்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் சொல்வது அது. இன்னொன்று, வன்னியில் உறுதிக் காணியைப் போலவே, அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணியும் ஏராளம். அப்படிப்பட்ட காணியில் நிற்கும் கடை என்றால், பணம் கொடுப்பதற்கு முன் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். அனுமதி இல்லாமல் உரிமையாளர் கொடுக்கும் குத்தகையே நிலைக்காதபோது உபகுத்தகையைப் பற்றிப் பேசி என்ன பயன்?

அறை தேவைப்படுவோர் பெயரையும் தொழிலையும் எங்களிடம் எழுதித் தாருங்கள். உரிமையாளரின் அற்றோணித் தத்துவக்காரருக்கு, அதாவது அவர் சார்பில் செயற்பட எழுத்தில் அதிகாரம் பெற்றவருக்கு, அனுப்பி வைக்கிறோம். உரிமையாளர் சம்மதித்தால் ஒப்பந்தத்தை அவரோடு நேரடியாகவே எழுதிக்கொள்ளலாம். எங்களுக்குத் தரகு எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
தொடர்பக நிர்வாகம்