கொலம்பஸ் தம்பிக்கு: சொந்த மைதானத்துக்கு எத்தனை புள்ளி?

அன்புள்ள தம்பிக்கு,

போன வாரம் போனில் நீ அடித்துச் சொன்னாயே, "இந்த வருஷம் ஆட்டம் எங்க ஊர்லக்கா, ஒரு லட்சம் பேர் கத்துற சத்தத்துல உங்க பசங்களால ஸ்னாப்கூட எடுக்க முடியாது, அவ்ளோதான்" என்று, சொந்த மைதானத்துக்கு எத்தனை புள்ளி முன்னிலை தருவேன் என்றும் கேட்டாயே, அதற்கு இப்போதுதான் உட்கார்ந்து பதில் எழுதுகிறேன். (அமெரிக்கக் கால்பந்தில் ஸ்னாப் என்றால் நடுவில் நிற்பவர் பந்தைப் பின்னால் அனுப்பி ஒவ்வொரு முயற்சியையும் தொடங்குவது.) போனில் சொன்னால் நீ நடுவில் பாய்ந்துவிடுவாய். உன்னைப் போலவே நினைக்கிற பலர் இரண்டு ஊரிலும் இருக்கிறார்கள், அவர்களும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

உங்கள் ஒஹாயோ ஸ்டேட், எங்கள் மிச்சிகன் பல்கலைக்கழகங்களின் அணிகள் நவம்பர் கடைசியில் மோதும் ஆட்டம், இரட்டைப்படை வருஷத்தில் கொலம்பஸில், ஒற்றைப்படை வருஷத்தில் எங்கள் ஆன் ஆர்பரில். 1897இல் தொடங்கிய பகை இது. அந்த வாரம் முழுக்க உன் பல்கலைக்கழக வளாகத்தில் கண்ணில் படுகிற, மிச்சிகனின் முதல் எழுத்தான 'எம்' மேலெல்லாம் சிவப்பு டேப் ஒட்டி அடித்துவிடுவார்கள். இவ்வளவு வெறி இருக்கிற இடத்தில் சொந்த மைதானம்தான் ஆட்டத்தைத் தீர்மானிக்கும் என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் முடிவுகளை எடுத்துப் பார், வேறு கதை சொல்கின்றன.

2015, 2017, 2019: மூன்று முறையும் நீங்கள் ஆன் ஆர்பருக்கு வந்து ஜெயித்தீர்கள், அதுவும் 42-13, 31-20, 56-27 என்று. 2016, 2018 கொலம்பஸில் நீங்களே. 2020இல் கொரோனாவால் ஆட்டம் நடக்கவில்லை. 2021இல் பனி கொட்டிக்கொண்டிருந்த எங்கள் மைதானத்தில் நாங்கள் 42-27. 2022இல் உங்கள் ஊருக்கு வந்து 45-23, அது 2000க்குப் பிறகு கொலம்பஸில் எங்களுக்குக் கிடைத்த முதல் வெற்றி. 2023இல் எங்கள் ஊரில் 30-24. 2024இல் மறுபடி உங்கள் ஊரில் நாங்கள், 13-10. 2025இல் எங்கள் ஊருக்கு வந்து நீங்கள், 27-9. கூட்டிப் பார்த்தால் 2015 முதல் நடந்த பத்து ஆட்டத்தில் ஆறில் வந்த அணி ஜெயித்திருக்கிறது, வீட்டுக்காரர்களுக்கு நான்குதான்.

"அந்தந்த வருஷம் நல்ல அணி எதுவோ அது ஜெயித்தது" என்பாய். சரி, அதையேதான் நானும் சொல்கிறேன். 2017இலும் 2019இலும் உங்கள் அணி எங்களைவிடத் தெளிவாகப் பெரிய அணி, சந்திரனில் வைத்து ஆடினாலும் ஜெயித்திருப்பார்கள். 2022இல் கடைசிக் குவார்ட்டரில் (ஆட்டத்தின் நான்காவது கால் பகுதியில்) எங்கள் டோனவன் எட்வர்ட்ஸ் 75 கெஜம் ஒன்று, 85 கெஜம் ஒன்று என்று எல்லைக் கோட்டைத் தாண்டி ஓடி டச் டவுன் (ஆறு புள்ளி) போட்டபோது உங்கள் ஸ்டேடியத்தில் இருந்த ஒரு லட்சம் பேரால் என்ன செய்ய முடிந்தது? முன்வரிசையில் யார் யாரைத் தள்ளுகிறார்கள் என்பதுதான் முதல் கேள்வி. மைதானம் அதற்குப் பிறகு வருகிற கேள்வி.

இன்னொன்றையும் யோசி. சொந்த மைதான லாபம் என்று பொதுவாகச் சொல்வதில் பாதி, எதிரணியின் பயணக் களைப்பு. இங்கே அது கிடையாது. ஆன் ஆர்பரிலிருந்து கொலம்பஸ் காரில் மூன்று மணி நேரம், ஒரே நேர மண்டலம், அதே நவம்பர் குளிர், அதே சாம்பல் வானம். 2024இல் பசிபிக் கரைப் பல்கலைக்கழகங்கள் நம் இரண்டு அணியும் இருக்கிற பிக் டென் லீக்கில் சேர்ந்த பிறகு பயணம் என்றால் என்ன என்று இரண்டு பேருக்குமே தெரிந்துவிட்டது. அந்த அக்டோபரில் நீங்கள் ஓரிகன் போய் 32-31 என்று ஒரே புள்ளியில் தோற்றீர்களே, அங்கே நாடு தாண்டிய விமானப் பயணம், மூன்று மணி நேர வித்தியாசம் எல்லாம் கணக்கில் வரும். எங்களுக்கும் உங்களுக்கும் நடுவில் அதெல்லாம் இல்லாததால், மிச்சம் இருப்பது சத்தமும் நடுவர்களும்தான்.

நடுவர் விஷயத்தில் உன் பக்கத்துக்கு நானே ஒரு சாட்சி தருகிறேன். 2016இல் இரண்டாவது ஓவர்டைமில் (சமநிலையை உடைக்கும் கூடுதல் ஆட்டத்தில்), நான்காவது டவுனில், அதாவது பத்து கெஜம் போக ஒரு அணிக்குக் கிடைக்கும் நான்கு முயற்சியில் கடைசியில், உங்கள் ஜே. டி. பாரெட் ஓடினார், போதுமான தூரம் போனாரா இல்லையா என்பது ஒரு விரற்கடை விஷயம், போனார் என்று தீர்ப்பு, வீடியோ பார்த்த பிறகும் அதே தீர்ப்பு, அடுத்த முயற்சியிலேயே டச் டவுன், 30-27. அவர் போகவில்லை என்று நான் இன்றைக்கும் நம்புகிறேன். அத்தனை பேர் கை தூக்கிக் கத்துகிற இடத்தில் மயிரிழை முடிவுகள் வீட்டுக்காரர் பக்கம் சாயும் என்று நீ சொன்னால் மறுக்க மாட்டேன். ஆனால் ஆட்டம் மயிரிழைக்கு வந்து நிற்க வேண்டுமே, அப்போதுதான் அது உதவும்.

சத்தத்துக்கு வருகிறேன், உன் முழு நம்பிக்கையும் அதில்தானே இருக்கிறது. பந்து வைத்திருக்கும் அணியின் குவார்ட்டர்பேக், அதாவது ஸ்னாப்பை வாங்கி ஆட்டத்தை நடத்துபவர், எத்தனையாவது குரலுக்கு ஸ்னாப் என்று தன் ஆட்களிடம் முன்பே சொல்லியிருப்பார். அந்தக் குரல் கேட்டால் முன்வரிசை ஐந்து பேரும் எதிரணியைவிட ஒரு கண்ணிமை முன்னால் எழலாம், பந்து எப்போது நகரும் என்று தெரிந்தவர்கள் அவர்கள் மட்டும்தான். குரல் கேட்காத சத்தத்தில் அந்தச் சலுகை போய்விடுகிறது. பந்தை அனுப்பும் சென்டருக்குப் பக்கத்தில் நிற்கும் கார்டு தலையைத் திருப்பி குவார்ட்டர்பேக்கின் சைகையைப் பார்த்து சென்டரைத் தட்ட வேண்டும், சென்டர் பந்தை அனுப்ப வேண்டும், ஓரத்தில் நிற்கும் டேக்கிள் ஓரக்கண்ணால் பந்து அசைவதைப் பார்த்த பிறகுதான் எழ முடியும், எதிரே பாயத் தயாராக நிற்பவரும் அதே பந்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். டேக்கிள் பொறுமை இழந்து முன்னால் அசைந்தால் ஃபால்ஸ் ஸ்டார்ட், ஐந்து கெஜம் பின்னால். பொறுத்துப் பொறுத்து எழுந்தால் எதிராளி தோளைத் தாண்டிப் போயிருப்பார். சொந்த மைதான லாபத்தின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பேன். அதனால்தான் அது மூன்றாவது டவுனில், ஏழு எட்டு கெஜம் தேவைப்படும்போது, பந்தை எறியத்தான் போகிறார்கள் (பாஸ்) என்று எல்லோருக்கும் தெரிந்த நேரத்தில் பயங்கரமாக வேலை செய்கிறது. முதல் டவுனில் நேராக ஓடுகிற அணியிடம் அது பலிக்காது.

அப்புறம், 2024 முதல் கல்லூரி ஆட்டத்திலும் ஹெல்மெட்டுக்குள் ரேடியோ வந்துவிட்டது, பயிற்சியாளர் நேராகக் குவார்ட்டர்பேக்கின் காதில் பேசலாம். அடுத்த ஸ்னாப்புக்கான நேரத்தைக் காட்டும் பிளே கிளாக்கில் 15 நொடி மிச்சம் இருக்கும்போது அது அறுந்துவிடும். அந்தக் கடைசி 15 நொடியில் எதிரணி நிற்கிற விதத்தைப் பார்த்துத் திட்டத்தை மாற்ற வேண்டுமென்றால் பழையபடி தொண்டையும் கையும்தான். நீங்கள் கத்த வேண்டிய நேரம் அதுதான். உங்கள் ஆட்கள் எதிராளியைத் தள்ளி வீழ்த்திய பிறகு கத்துவதில் சந்தோஷம் இருக்கிறது, பயன் இல்லை.

கூட்டத்தின் எண்ணிக்கையைச் சொல்லிப் பயமுறுத்தாதே. உங்கள் ஹார்ஸ்ஷூ ஸ்டேடியத்தில் 1,02,780 இருக்கை, எங்கள் பிக் ஹவுஸ் ஸ்டேடியத்தில் 1,07,601, நாட்டிலேயே பெரியது. ஆனால் பிக் ஹவுஸ் மண்ணுக்குள் தோண்டிய ஆழமில்லாத கிண்ணம், சத்தம் மேலே போய்க் கரைந்துவிடும் என்று பல வருஷம் நாங்களே வருத்தப்பட்டிருக்கிறோம், 2010இல் இரண்டு பக்கமும் உயரமான கட்டடங்கள் எழும்பிய பிறகுதான் கொஞ்சம் தேவலை. ஓரிகனின் ஆட்சன் ஸ்டேடியத்தில் 54,000 இருக்கைதான், உங்களுடையதில் ஏறக்குறையப் பாதி, ஆனால் அங்கே போய்வந்த அணிகளைக் கேட்டால் நாட்டிலேயே காது கிழிகிற இடங்களில் ஒன்று என்பார்கள்.

இப்போது 2024 நவம்பர் 30க்கு வருவோம், உனக்கு வலிக்கும் என்று தெரியும். நீங்கள் நாட்டில் இரண்டாம் இடம். நாங்கள் ஆறு வெற்றி ஐந்து தோல்வியோடு தரவரிசையிலேயே இல்லாமல் வந்தோம். பந்தயக்காரர்கள் உங்களுக்குச் சுமார் 20 புள்ளி முன்னிலை கொடுத்திருந்தார்கள். எங்கள் குவார்ட்டர்பேக் டேவிஸ் வாரன் அன்றைக்கு மொத்தமே 62 கெஜம்தான் எறிந்தார், இரண்டு முறை பந்தை உங்களிடமே கொடுத்தார். உன் வாதப்படி பார்த்தால் அந்தச் சத்தத்தில் நாங்கள் நொறுங்கியிருக்க வேண்டும். ஆனால் எங்கள் அணி சத்தத்தோடு சண்டை போடவே இல்லை. கேலெல் மல்லிங்ஸிடம் பந்தைக் கொடுத்து ஓடச் சொன்னார்கள், அவர் 116 கெஜம் ஓடினார். நீங்களோ உங்கள் வீட்டிலேயே மொத்தம் 77 கெஜம்தான் ஓடினீர்கள். பாதி நேரத்தில் 10-10. உங்கள் பக்கம் இரண்டு ஃபீல்டு கோல் (பந்தைக் கம்பங்களுக்கு நடுவில் உதைத்து மூன்று புள்ளி எடுப்பது) தவறியது. நேரம் ஆக ஆக உன் பக்கத்துச் சத்தத்தின் குணமே மாறியதைக் கவனித்தாயா? எதிரணியை மிரட்ட வேண்டிய கூட்டம் தன் அணியைப் பார்த்து முனகத் தொடங்கியது, அப்புறம் ஊளையிட்டது. முந்தைய மூன்று வருஷத் தோல்வி ஒவ்வொருவர் தோளிலும் உட்கார்ந்திருந்தது, ஒவ்வொரு தவறுக்கும் அது கூடுதலாகக் கனத்தது, கடைசியில் 45 நொடி மிச்சம் இருக்கும்போது எங்கள் டொமினிக் ஸ்வாடா 21 கெஜத்திலிருந்து ஃபீல்டு கோல் உதைத்தார், 13-10. சொந்த மைதானம் அன்றைக்கு உங்களுக்குச் சுமையாக மாறியது. ஜெயிக்கும் என்று எல்லோரும் நம்புகிற அணிக்கு, அதுவும் தோற்கவே கூடாத அணிக்கு, இந்த ஆபத்து எப்போதும் உண்டு. சொந்த மைதானம் என்று பேசுகிற யாரும் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

(ஆட்டம் முடிந்ததும் நடு மைதானத்தில் எங்கள் ஆட்கள் கொடி நட்டது எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் வந்த கைகலப்பு, போலீஸ் அடித்த மிளகு ஸ்ப்ரே, இரண்டு பல்கலைக்கழகத்துக்கும் ஆளுக்கு ஒரு லட்சம் டாலர் அபராதம், எல்லாமே அந்த வெற்றிக்குத் தேவையில்லாத அழுக்கு.)

மூன்று வாரம் கழித்து அதே ஸ்டேடியத்தில் டென்னஸியோடு பிளேஆஃப், அதாவது தேசியப் பட்டத்துக்கான நாக் அவுட் தொடரின், முதல் சுற்று. நிறைய பேர் டிக்கெட்டை விற்றுவிட்டார்கள், உறையும் குளிரில் டென்னஸியின் ஆரஞ்சு நிறம் இருக்கைகளில் பரவிக் கிடந்தது. அதாவது சொந்தக் கூட்டம் குறைந்த நாள். ஆனால் உங்கள் அணி முதல் குவார்ட்டரிலேயே 21-0, முடிவில் 42-17, அப்படியே போய் ஜனவரியில் அட்லாண்டாவில் நோட்ர டேமை வென்று தேசிய சாம்பியன். அதே அணி, அதே மைதானம். அன்றைக்கு அவர்கள் தோளில் பாரம் இல்லை.

பிளேஆஃப் என்றதும் நீ 2024ஐ இழுப்பாய் என்று தெரியும்: கல்லூரி மைதானங்களில் நடந்த நான்கு ஆட்டத்திலும் வீட்டு அணியே ஜெயித்தது, நான்குமே பத்துப் புள்ளிக்குக் குறையாமல். உண்மைதான். அடுத்த வருஷத்தையும் பார். ஓக்லஹோமாவில் 17-0 என்று பின்தங்கிய அலபாமா 34-24 என்று ஜெயித்தது. பன்னிரண்டாவது ஆள் நாங்கள்தான் என்று ரசிகர்களே பெருமைப்படுகிற டெக்ஸஸ் ஏ அண்ட் எம் மைதானத்தில் மயாமி 10-3. வீட்டில் ஜெயித்த மற்ற இரண்டு பேருக்கும் வாய்த்த எதிரிகள் துலேன், ஜேம்ஸ் மேடிசன் என்ற சிறிய லீக் அணிகள்.

இதையெல்லாம் வைத்து சொந்த மைதானம் வெறும் மாயை என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதே. தொழில்முறை ஆட்டத்தில், என்எஃப்எல்லில், 2020இல் கூட்டம் இல்லாமலும் மிகக் குறைந்த கூட்டத்தோடும் சீசன் முழுக்க நடந்தபோது, வீட்டு அணிகள் 127 வெற்றி, 128 தோல்வி, ஒரு சமன் என்று முடித்தன. ஆளில்லாத நாற்காலிகளால் எந்த லாபமும் இல்லை. ஆகவே லாபம் என்று ஒன்று இருந்தால் அது நாற்காலியில் உட்காரும் உன்னிடம்தான் இருக்கிறது, அந்தக் கட்டடத்திடம் இல்லை.

அதனால் நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், எதிரணிக்காரி சொல்கிறாளே என்று தள்ளிவிடாதே. உன் டிக்கெட்டை எங்கள் ஊர்க்காரர் யார் எவ்வளவு விலை கேட்டாலும் கொடுக்காதே. உங்கள் அணி பந்து வைத்திருக்கும்போது வாயை மூடிக்கொண்டிரு, பக்கத்தில் கத்துகிறவனையும் அடக்கு. எங்களுக்கு மூன்றாவது டவுன் வந்ததும் ஆட்கள் வரிசையில் நிற்பதற்கு முன்பே தொடங்கி, பந்து நகரும்வரை விடாதே. இரண்டாம் பாதியில் உங்கள் குவார்ட்டர்பேக் ஒரு தப்பு செய்து, அடிவயிற்றிலிருந்து அந்த ஊளை கிளம்பி வருமே, அதை விழுங்கிவிடு. அது கஷ்டம் என்று எனக்கும் தெரியும். ஆனால் 2024இல் அதைச் செய்திருந்தால் எனக்குக் கொஞ்சம் பயம் வந்திருக்கும்.

குளிரையும் பனியையும் நம்பி இருக்காதே, அது யாருக்கும் வீட்டுக்காரன் இல்லை. 1950இல் உங்கள் ஊரில் பனிப்புயலில் நடந்த ஆட்டத்தில் மிச்சிகன் 24 முறை பண்ட் அடித்தது (பந்தை உதைத்து எதிரணிக்கே விட்டது), ஆட்டம் முழுக்க ஒரு முதல் டவுன்கூட (பத்து கெஜ முன்னேற்றம்) எடுக்கவில்லை, அப்படியும் 9-3 என்று ஜெயித்துவிட்டு புகழ்பெற்ற ரோஸ் பௌல் ஆட்டத்துக்குப் போனது.

கடைசியாக நீ கேட்ட கேள்வி: கொலம்பஸில் ஆடுவதற்கு எத்தனை புள்ளி தருவேன்? பந்தயக்காரர்கள் வழக்கமாகச் சொல்லிவந்தது மூன்று. இந்த ஆட்டத்துக்கு நான் ஒன்றரை தருவேன். கடைசிக் குவார்ட்டரில் சமமாக இருந்து, எங்களுக்கு மூன்றாவது டவுனில் எட்டு கெஜம் தேவை என்றால் மூன்றுகூடத் தரலாம். முதல் பாதியிலேயே நீங்கள் பத்துப் புள்ளி பின்தங்கினால் அந்த ஒன்றரையையும் திரும்ப வாங்கிக்கொள்வேன்.

வெள்ளிக்கிழமை இரவே வந்துவிடுகிறேன். நீலச் சட்டையோடுதான் வருவேன், உன் ரூம்மேட்டுகளிடம் முன்பே சொல்லி வை.

அன்புடன்,
ஆன் ஆர்பர் அக்கா