டச்சுச் சொல்லை எங்கே பிரிப்பது?

ஆசிரியருக்கு வணக்கம். திருப்பூரில் குழந்தைத் துணி ஏற்றுமதி கம்பெனியில் வேலை செய்கிறேன், நெதர்லாந்து பையர்களுடன் பேசுவதற்காகவே டச்சு படிக்கிறேன். உங்கள் மொழிப் பக்கத்தில் டச்சுக் கூட்டுச்சொற்களை எழுத்தெண்ணி வெட்டியிருந்தது சரியில்லைங்க. இரண்டு சொல் ஒட்டிய இடத்தில்தான் முதலில் பிரிக்க வேண்டும். 'க்வார்ட்ஸ்லாகன்' என்பதையே பாருங்கள். 'க்வார்ட்' என்று நிறுத்தினால் கால்வட்டத் திருப்புகள், 'க்வார்ட்ஸ்' என்று நிறுத்தினால் குவார்ட்ஸ் கல்லின் அடுக்குகள், எழுதுவது இரண்டுக்கும் ஒன்றேதான். நமக்காவது 'வேலை கொடு' (பணி கொடு), 'வேலைக் கொடு' (வேல் என்ற ஆயுதத்தைக் கொடு) என்று ஒரு 'க்' வந்து காப்பாற்றுகிறது, அவர்களுக்கு அதுவும் கிடையாது.

அப்புறம் அழுத்தம், அதாவது சொல்லில் எந்த அசையை ஓங்கிச் சொல்வது என்பது. பெரும்பாலும் முதல் சொல்லில்தான் விழும். நான் தினமும் சொல்லும் 'கிண்டர்க்ளேடிங்', அதாவது குழந்தை உடை, அதில் 'கிண்' மேல் அழுத்தம். ஆனால் நகர மன்றக் கட்டடத்தைக் குறிக்கும் 'ஸ்டாட்ஹௌஸ்' என்ற சொல்லில் கடைசி அசை மேல் விழுகிறது, இதையெல்லாம் கேட்டுத்தான் பழக வேண்டும். அடுத்த வாரத்திலிருந்து அழுத்தம் விழும் அசையைத் தடித்த எழுத்தில் போடுங்கள், இங்கே என்னைப் போல் படிக்கிறவர்களுக்கு ரொம்ப உதவும்.

வாசகர், திருப்பூர்