இண்டிகாவுக்கு ஏர் எடுத்த கதை

வலங்கைமான் பக்கத்திலிருந்து
கார்த்திகை 12

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். போன வாரம் போனில் நம் பழைய இண்டிகா காரைப் பற்றிப் பேச்சு வந்தபோது, "அந்த டப்பாவுக்கு இன்னுமா செலவு பண்றீங்க?" என்று கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் உனக்கு மீட்டிங் வந்துவிட்டது. உன் இரண்டு மீட்டிங்குக்கு நடுவில் சொல்லி முடிக்கிற சங்கதி இல்லை இது. மூன்று நாளாக அடைமழை. வயலில் வடிகாலை வெட்டிவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்திருக்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

மாதத் தவணையில் புது வண்டி எடுத்துத் தருகிறேன் என்றாய். வேண்டாம். உன் மேல் கோபமில்லை, மனசார வேண்டாம்.

கார் வாங்கும் எண்ணமே எனக்கு முன்பு இருந்ததில்லை. அம்மாவின் முழங்கால்தான் காரணம். பஸ்ஸின் முதல் படி அவளுக்கு இப்போது மலை. கம்பியைப் பிடித்துத் தொங்குவாள், பின்னால் நிற்பவர் "சீக்கிரம் ஏறும்மா" என்பார், அவள் முகம் சிவந்துவிடும். பாபநாசத்தில் இருக்கிற உன் பெரிய மாமா வீட்டுக்கு ஒரு வருஷமாகப் போகாமலே இருந்தாள். கேட்டால் "வேலை இருக்கு" என்பாள். என்ன வேலை என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நீடாமங்கலம் பக்கம் ஒரு ரைஸ் மில் கொட்டகையில் இது நின்றது. டாடா இண்டிகா வி2, டீசல், 2009 மாடல். மூன்று வருஷமாக ஸ்டார்ட் செய்யவில்லை. பதினைந்து வருஷம் முடிந்தும் ஆர்சி என்கிற பதிவுச் சான்றிதழைப் புதுப்பிக்கவில்லை, நாலு டயரும் தரையோடு தரை. 38,000 ரூபாய். "டைமிங் பெல்ட் புதுசு சார், மாத்தி ஆறாயிரம்கூட ஓடலை" என்று விற்றவர் சத்தியம் செய்தார். என்ஜினின் வால்வையும் பிஸ்டனையும் ஒரே தாளத்தில் ஓடவைக்கிற பெல்ட் அது. கவரைக் கழற்றிப் பார்த்தால் பெல்ட்டின் பல்லுக்குப் பல் வெடிப்பு. அதை நம்பி செல்ஃப் அடித்திருந்தால் பெல்ட் அறுந்து, வால்வெல்லாம் பிஸ்டனில் இடித்து, வண்டி நேராகக் காயலாங்கடைக்குப் போயிருக்கும். பழைய வண்டி வாங்குகிறவன் விற்பவர் பேச்சைக் காதில் வாங்கலாம், கையில் வாங்கக் கூடாது.

இன்னொரு வேடிக்கை கேள். இந்த வண்டி பிறந்தது நீ இருக்கும் ஊரில்தான். புனேயில் செய்து 1998 டிசம்பரில் வெளியிட்டார்கள். ஆஸ்திரேலியாவில் நிசான் மூடிவிட்டுப் போன தொழிற்சாலையின் இயந்திரங்களை வாங்கி, பிரித்துக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்துதான் அங்கே பூட்டினார்கள். ஆக, இந்த வண்டியின் ஃபேக்டரியே செகண்ட் ஹேண்ட். அப்புறம் நான் செகண்ட் ஹேண்டில் வாங்கினால் என்ன?

வீட்டுக்கு டிராக்டரில் கட்டி இழுத்து வந்தோம். மாட்டுக் கொட்டகைதான் ஒர்க்‌ஷாப். பானட்டைத் தூக்கி ஏர் ஃபில்டர் டப்பாவைத் திறந்தால் உள்ளே ஒரு குடித்தனமே நடந்திருக்கிறது. மில்லில் நின்ற வண்டி இல்லையா, எலிக்குத் தீனிக்குப் பஞ்சமில்லை. நெல் உமி, வைக்கோல், சாக்கு நூல், மஞ்சள் தடவிய ஒரு கல்யாணப் பத்திரிகையின் மூலை. முகூர்த்த நேரம் மட்டும் படிக்க முடிந்தது: 9 முதல் 10.30. ஒயரிங்கில் பாதியைக் கடித்து வைத்திருந்தது. அதைச் சரி செய்ய எனக்குப் பத்து நாள் ஆனது. எந்த ஒயர் எங்கே போகிறது என்று உன் பழைய காம்போசிஷன் நோட்டில் படம் வரைந்து வைத்திருக்கிறேன்.

டேங்கில் கிடந்த டீசலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து ராத்திரி முழுக்க வைத்தேன். காலையில் அடியில் இரண்டு விரற்கடைக்குத் தண்ணீர், அதன் மேல் சேறு மாதிரி ஒரு படலம். டேங்கை இறக்கிக் கழுவினேன். ரப்பர் ஓஸ் எல்லாம் அப்பளமாக நொறுங்கியது, மொத்தமாக மாற்றிவிட்டேன். டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் சேர்த்தே மாற்றினேன். பெல்ட் போடும் வேலையை மட்டும் நான் தனியாகச் செய்யவில்லை. கும்பகோணத்திலிருந்து ஒரு மெக்கானிக் தம்பியைக் கூப்பிட்டு, பழைய மார்க்குகளின் மேல் வெள்ளை பெயின்ட் பொட்டு வைத்து, இருவரும் மும்முறை சுற்றிப் பார்த்துப் பூட்டினோம்.

டீசல் பம்பும், என்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சுகிற நாலு நாசிலும் வீட்டில் பார்க்கிற வேலை இல்லை. அதற்கு டெஸ்ட் பெஞ்ச் வேண்டும். கழற்றி மஞ்சப்பையில் போட்டு, தஞ்சாவூர் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். பம்பின் கனம் கைக்குழந்தை கனம். பக்கத்து சீட்டுக்காரர் இரண்டு தடவை மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, எழுந்து பின்னால் போய்விட்டார். கேலிபரேஷன் செய்து கொடுத்த பையன், "சார், ஒரு டர்போ ஏத்திடலாம், சும்மா பறக்கும்" என்றான். என்ஜினுக்குள் காற்றைத் திணித்துச் சக்தியைக் கூட்டுகிற சாமான் அது. 1405 சிசி, 53 குதிரைத் திறன்கூட முழுசாக வராத என்ஜின். அம்மாவை வைத்துக்கொண்டு எங்கே பறப்பது? குடமுருட்டிப் பாலத்துக்கு மேலா? என்ஜினில் இப்படிக் கை வைத்தால் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவில் மாட்டிக்கொள்வோம், இன்ஷூரன்ஸ்காரனும் கையை விரிப்பான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எல்லாம் பூட்டிய பிறகுதான் அந்த ராத்திரி. ஏர் எடுக்க வேண்டும், அதாவது டீசல் பைப்பில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். உனக்கு நினைவிருக்கிறதா? 2003, மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறக்காத வருஷம். நாற்றங்கால் காய்ந்துகொண்டிருந்தது, ஆயில் என்ஜினை நம்பித்தான் பிழைப்பு. டீசல் தீர்ந்து பைப்பில் காற்று புகுந்து நடு ராத்திரியில் நின்றுவிட்டது. பத்து வயசு நீ, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு டார்ச் பிடித்தாய். "தீப்பொறியே இல்லாம எப்படிப்பா எரியுது?" என்று கேட்டாய். காலையில் சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்து இருபது தடவை அமுக்கி, அதன் அடியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். தொட்டுவிட்டுக் கையை உதறினாய். காற்றை அழுத்தினால் சூடாகும், இன்னும் அழுத்தினால் டீசல் தானே பற்றிக்கொள்ளும், அவ்வளவுதான் என்றேன். அந்த வாரம் முழுக்க வீட்டில் யாரையும் சைக்கிளுக்குக் காற்றடிக்க விடவில்லை நீ.

இந்தத் தடவை டார்ச் பிடித்தது உன் அம்மா. பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு பிடித்தாள். நான் நட்டைப் பார்த்தால் வெளிச்சம் என் காதில் இருக்கும். டிராக்டருக்குப் போடுகிற ரப்பர் குமிழ் ஒன்றை டீசல் லைனில் சேர்த்திருக்கிறேன். இனி ஏர் பிடித்தால் கையாலேயே அமுக்கி டீசலைக் கொண்டுவந்துவிடலாம். குமிழ் கல் மாதிரி இறுகும் வரை அமுக்கினேன். அப்புறம் நாசிலுக்குப் போகிற நாலு பைப்பின் நட்டையும் 17 நம்பர் ஸ்பேனரால் அரைச் சுற்று தளர்த்திவிட்டு, ஹீட்டர் பிளக்கைச் சூடாக்கி, அம்மாவிடம் சாவியைக் கொடுத்து செல்ஃப் அடிக்கச் சொன்னேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு நட்டு இடுக்கில் நுரை. சோப்பு நுரை மாதிரி வெள்ளையாகப் பொரிந்தது. நுரை அடங்கி, "பிச் பிச்" என்று சுத்தமாக டீசல் தெறிக்க ஆரம்பித்ததும் ஒவ்வொன்றாக இறுக்கினேன். மூன்றாவது நட்டை இறுக்கும்போதே இருமியது. நாலாவதை இறுக்கியதும் பிடித்துக்கொண்டது.

கொட்டகை முழுக்க வெள்ளைப் புகை. எதிர்வீட்டு அத்தை கதவைச் சாத்திக்கொண்டே, "கொசு மருந்து அடிக்க வந்துட்டாங்களா?" என்று கேட்டாள். ஐந்து நிமிஷத்தில் புகை அடங்கியது. உன் அம்மா டிரைவர் சீட்டை விட்டு இறங்கவே இல்லை. ஆக்சிலேட்டரை இரண்டு தடவை மிதித்துப் பார்த்தாள். யாரிடமும் சொல்லாதே என்றாள், உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டிரைவர் காலடி விரிப்பைத் தூக்கினால் ரோடு தெரிந்தது. துருவை வெட்டி எடுத்து 18 கேஜ் ஷீட் வைத்துப் பற்றவைத்து, ரெட் ஆக்சைடும் தார் பெயின்ட்டும் அடித்தாயிற்று. டிங்கரிங், பட்டி, பெயின்ட் மூன்றுக்கும் 22,000. நாற்றுப் பச்சை அடிக்க எனக்கு ஆசை. நிறம் மாற்றினால் ஆர்டிஓவில் அனுமதி வாங்கி ஆர்சியில் ஏற்ற வேண்டும், ஏற்கெனவே அங்கே நான் நடந்த நடை போதும். பழைய சில்வரே இருக்கட்டும். புதுப்பிக்கும் கட்டணம் 5,000, பசுமை வரி தனி. ஐந்து வருஷத்துக்குக் கவலையில்லை.

ராத்திரியில் ஹெட்லைட் அகல் விளக்கு மாதிரி எரிந்தது. பேட்டரியில் 12.6 வோல்ட், பல்பில் 10.9. பல்பின் கரண்ட் மொத்தமும் ஸ்டீயரிங் ஸ்விட்ச் வழியாகச் சுற்றி வருவதால் வந்த வினை. பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் கொடுக்க இரண்டு ரிலே, அதாவது சின்னக் கரண்டில் பெரிய கரண்டைத் திறந்து மூடும் ஸ்விட்ச், ஃபியூஸோடு வைத்தேன். அதே 60/55 வாட் பல்ப்தான், ஆனால் ஆற்றங்கரை வளைவில் படுத்திருக்கும் மாடு இப்போது முன்னாலேயே தெரிகிறது.

அம்மா சீட்டுக்குத்தான் நிறைய மெனக்கெட்டேன். இண்டிகாவில் சீட் தாழ்வு, உட்கார்ந்தால் எழுந்திருக்க அவளுக்கு முட்டி மடங்க வேண்டும். சீட் ரெயிலுக்கு அடியில் இரண்டரை அங்குலச் சதுரக் குழாய் கொடுத்து உயர்த்தினேன். ஏறிவிட்டாள், தலை கூரையில் முட்டியது. "கோயில் யானை மாதிரி குனிஞ்சே வரணுமா?" என்றாள். பிரித்து ஒன்றரை அங்குலமாகக் குறைத்து, கெட்டியான புது போல்ட் போட்டு, பெல்ட் சரியாக இடுப்பில் உட்காருகிறதா என்று பார்த்தேன். கதவோரம் பிடித்துக்கொள்ள பழைய பஸ்ஸின் கைப்பிடி ஒன்று காயலாங்கடையில் 80 ரூபாய்க்குக் கிடைத்தது. ஐப்பசியில் பெரிய மாமா வீட்டுக்குப் போனோம். தானே ஏறினாள், தானே இறங்கினாள். மாமா வாசலுக்கு ஓடிவந்து கை கொடுத்தார், அவள் அதைப் பிடிக்கவில்லை.

இதுவரை நோட்டில் எழுதியபடி வண்டி விலையோடு 1,14,000 ரூபாய். லிட்டருக்கு 17 கிலோமீட்டர் கொடுக்கிறது. டீசல் காலம் முடிந்தது, பேட்டரிதான் இனி என்று நீ சொல்வாய். உன் பிழைப்பே அதுதான், ஒப்புக்கொள்கிறேன். நாளைக்கு நீ செய்கிற வண்டிதான் ஓடும், புகை இல்லாமல் ஓடட்டும். ஆனால் அது பழுதானால் நான் லேப்டாப்காரனுக்காகக் காத்திருக்க வேண்டும். இது நின்றால் எங்கே நின்றது, ஏன் நின்றது என்று எனக்குத் தெரியும். இந்த வயசில் எனக்கு அது பெரிய விஷயம். தவணைக்கு ஒதுக்கிய பணத்தில் நீ அங்கே ஒரு நல்ல மெத்தை வாங்கு. முதுகு வலி என்று அம்மாவிடம் சொன்னாயாம்.

பொங்கலுக்கு வரும்போது திருச்சி ஏர்போர்ட்டுக்கு வண்டியோடு வருகிறேன். டாக்சி பிடிக்காதே.

ஒரே ஒரு வேலை இருக்கிறது உனக்கு. வலது பின் கதவின் கண்ணாடி இறங்கினால் ஏறுவதில்லை. அதன் ரெகுலேட்டர் கும்பகோணத்திலும் தஞ்சாவூரிலும் தேடி அலுத்துவிட்டேன். புனேயில் பழைய சாமான் கடைகளில் கேட்டுப் பார். கையால் சுற்றுகிற வகை, பவர் விண்டோவுக்கு உள்ளது இல்லை. பழையதே போதும், பல் தேயாமல் இருக்கிறதா என்று சுற்றிப் பார்த்து வாங்கு. டிரைவருக்குப் பின்னால் இருக்கிற கதவு. இடது பக்கத்துடையதை வாங்கி வந்துவிடாதே, பொருந்தாது. அதுவரைக்கும் அங்கே நீதான் உட்காருவாய், பனி அடித்தால் அம்மாவின் சால்வை பின்சீட்டில் இருக்கிறது.

அன்புடன்,
அப்பா