குறி தப்பல, ஆளு தான் தப்பு: அமெரிக்க காங்கிரஸ் உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

காங்கிரஸ் உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நான் பாதுகாப்புத் துறை எக்ஸ்பர்ட் எல்லாம் இல்லைங்க. இந்த நாட்டுல வேலை பாத்து வரி கட்டுற ஆளு, அவ்ளோதான். அந்த வரியில ஒரு சில்லறை, ஆளில்லா ட்ரோன்ல இருந்து ஏவற ஹெல்ஃபயர் மிசைலுக்கும் போகுதுல்ல, அதனால கேக்கலாம்னு எழுதறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

2021 ஆகஸ்ட் 29, காபூல். அதுக்கு மூணு நாள் முன்னாடி தான் ஏர்போர்ட் வாசல்ல குண்டு வெடிச்சு 13 அமெரிக்க வீரர்களும் கிட்டத்தட்ட 170 ஆப்கான் மக்களும் செத்தாங்க. அடுத்த குண்டு எப்ப வருமோன்னு எல்லாருக்கும் பதட்டம், அது எனக்கும் புரியுது. வெள்ளை கலர் டொயோட்டா கொரோலால தான் வருவானுங்கன்னு தகவல். காபூல்ல வெள்ளை கொரோலாவைத் தேடறது எப்படின்னா, கல்யாண மண்டபத்துல வெள்ளை வேட்டி கட்டினவரைத் தேடற மாதிரி. எப்படியோ ஒரு காரை புடிச்சாங்க, சுமார் எட்டு மணி நேரம் மேல இருந்து ட்ரோன் வச்சு பாத்துக்கிட்டே இருந்தாங்க. ஓட்டினவரு ஒரு அமெரிக்க தொண்டு நிறுவனத்துல வேலை பாத்தவரு, வீட்டுப் பக்கம் தண்ணி வராததால ஆபீஸ்ல கேன் கேனா புடிச்சு கார்ல ஏத்தினாரு. மேல இருந்து பாத்தவங்களுக்கு அது வெடிமருந்து. வீட்டு வாசல்ல கார் நுழைஞ்சதும் குழந்தைங்க ஓடி வந்திருக்கு, அப்ப தான் பட்டனை அமுக்கினாங்க. செத்தது 10 பேரு, அதுல 7 குழந்தைங்க.

ரெண்டு மூணு நாள் கழிச்சு அது நியாயமான தாக்குதல்னு ராணுவத்தோட உச்சத் தளபதியே சொன்னாரு. பத்திரிகைக்காரங்க அந்த ஆபீஸோட சிசிடிவியைத் தோண்டி, பாருங்கய்யா அது தண்ணின்னு காட்டின பிறகு, செப்டம்பர் 17 அன்னைக்கு தான் தப்பு நடந்துபோச்சுன்னு பென்டகன், அதான் பாதுகாப்புத் துறை, ஒத்துக்கிச்சு. விசாரிச்ச விமானப்படை அதிகாரி சட்டமீறல் ஏதும் இல்லைன்னாரு, டிசம்பர்ல யாருக்கும் தண்டனை இல்லைன்னு முடிச்சுட்டாங்க. மிசைல் குறி வச்ச இடத்துல கரெக்டா தான் விழுந்துச்சு, மெஷின் மேல ஒரு குத்தமும் இல்ல.

இப்ப நீங்க கேப்பீங்க, அப்போ ட்ரோனே வேணாமான்னு. அப்படி நான் சொல்லல. 11 மாசம் கழிச்சு அதே காபூல்ல, 2022 ஜூலை 31, அல் கொய்தா தலைவர் அய்மன் அல் ஜவாஹிரி பால்கனில நிக்கறப்போ ட்ரோன் அடிச்சுது. அதே ஊரு, அதே ஹெல்ஃபயர், ஆனா வீட்ல இருந்த குடும்பத்துக்கு ஒன்னும் ஆகலைன்னு அரசாங்கம் சொல்லுச்சு. ஏன்னா அந்த வீட்டை மாசக்கணக்கா கவனிச்சாங்க, யாரு எப்ப பால்கனிக்கு வர்றாங்கன்னு வரைக்கும் கணக்கு வச்சாங்க. ஒரு பக்கம் எட்டு மணி நேரம், இன்னொரு பக்கம் பல மாசம். "பாதுகாப்பா, உரிமையா"ன்னு டிவில தராசு புடிக்கிறவங்க இந்த ரெண்டு நாளையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்தா தேவலை. நல்லா சரிபார்க்கறது பாதுகாப்புக்கு எதிரின்னு யாரு சொன்னது? அன்னைக்கு சரியான ஆளு செத்ததே அதனால தானே.

காபூல் விஷயமாவது வெளிய வந்துச்சு, உலகத்துல பாதி கேமரா அந்த ஊர்ல இருந்துச்சு. பாகிஸ்தான் எல்லைல இருக்கற வசிரிஸ்தான்ல யாரு இருந்தா? 2012 அக்டோபர்ல வடக்கு வசிரிஸ்தான்ல வெண்டைக்கா பறிச்சுக்கிட்டு இருந்த ஒரு வயசான பாட்டியை, பேரப் பசங்க பக்கத்துல இருக்கறப்பவே ட்ரோன் அடிச்சுது. ஒரு வருஷம் கழிச்சு, 2013 அக்டோபர் 29, அந்தப் பாட்டியோட மகனும் காயம்பட்ட ரெண்டு பேரக் குழந்தைங்களும் அவ்ளோ தூரம் பறந்து வந்து உங்க கட்டடத்துலயே உக்காந்து நடந்ததைச் சொன்னாங்க. மொழிபெயர்த்த அம்மா பாதில அழுதுட்டாங்க. எனக்கு நீல வானம் இப்ப புடிக்கறதில்ல, மேகம் மூடினா தான் ட்ரோன் வராதுன்னு அந்தப் பேரன் சொன்னான், அவனுக்கு அப்ப 13 வயசு. ரெண்டு சபையும் சேத்து நீங்க 535 பேரு. கேக்க வந்தது 5 பேரு.

இதையும் பாருங்க. 2015 ஜனவரில ஆப்கான் பாகிஸ்தான் எல்லைல நடந்த ஒரு ட்ரோன் தாக்குதல்ல, அல் கொய்தா புடிச்சு வச்சிருந்த ரெண்டு பணயக்கைதிங்க செத்துட்டாங்க, ஒருத்தர் அமெரிக்கர், ஒருத்தர் இத்தாலிக்காரர். ஏப்ரல்ல ஒபாமாவே நேர்ல வந்து முழுப் பொறுப்பும் என்னோடதுன்னு சொல்லி மன்னிப்பு கேட்டாரு. நல்ல விஷயம், அப்படித்தான் கேக்கணும். ஆனா வெண்டைக்கா பறிச்ச பாட்டிக்கு ஏன் அந்த மாதிரி ஒரு மைக் முன்னாடி யாரும் வரலன்னு அந்தப் பேரப் புள்ளைங்க கேட்டா நான் என்னத்த சொல்றது, நீங்க தான் என்னத்த சொல்வீங்க.

சரி சட்டத்துக்கு வர்றேன், இது உங்க ஏரியா. 2001 செப்டம்பர் 14, இரட்டைக் கோபுரம் விழுந்த மூணாவது நாள், ராணுவத்தை ஏவ ஜனாதிபதிக்கு மொத்தமே 60 வார்த்தை இருக்கற ஒரு அனுமதியை ஓட்டுப் போட்டு குடுத்தீங்க. கீழ்சபைல 420 பேரு ஆதரவு, எதிர்த்தது பார்பரா லீ ஒரே ஒருத்தர், அந்தம்மாவுக்கு கொலை மிரட்டல் கூட வந்துச்சு. 9/11 பண்ணினவங்களுக்குன்னு எழுதின அந்த 60 வார்த்தையை வச்சு தான் அப்புறம் சிரியா, ஈராக்ல ஐஎஸ் இயக்கம் வரைக்கும், சோமாலியாவுல அல் ஷபாப் வரைக்கும் போனாங்க. அன்னைக்கு அப்படி பேர் வச்ச இயக்கம் ரெண்டுமே கிடையாது. தாத்தா எழுதி வச்ச உயிலை வச்சு பேரன் பக்கத்து தெரு வீட்டையும் எழுதி வாங்கின கதை தான்.

எனக்கு சுத்தமா புரியாத ஒன்னு இருக்கு. வெளிநாட்டுல இருக்கற அமெரிக்க குடிமகனோட பேச்சை உளவுக்காக ஒட்டுக் கேக்கணும்னா கோர்ட் உத்தரவு வேணும்னு 2008ல நீங்களே சட்டம் போட்டீங்க. ஆனா ஏமன்ல இருந்த அன்வர் அல் அவ்லாகின்ற அமெரிக்க குடிமகனை ட்ரோன் வச்சு கொல்ல எந்த ஜட்ஜ் கையெழுத்தும் தேவைப்படல. அவரு நல்லவருன்னு நான் வாதாட வரல, அவரு பேச்சைக் கேட்டு குண்டு தூக்கினவங்க இருந்தாங்க. அவங்க அப்பா முன்கூட்டியே கோர்ட்டுக்குப் போனாரு, 2010 டிசம்பர்ல அந்த கேஸை தள்ளுபடி பண்ணிட்டாங்க. 2011 செப்டம்பர் 30 மகன் செத்தாரு, ரெண்டு வாரத்துல டென்வர்ல பொறந்த 16 வயசு பேரனும் இன்னொரு தாக்குதல்ல செத்தான். அந்தப் பையனை குறி வைக்கலைன்னு பின்னாடி சொன்னாங்க. போனை ஒட்டுக் கேக்க ஜட்ஜ் வேணும், ஆளையே முடிக்க வேணாம்னா இதுல என்னங்க கணக்கு?

உள்ளூர்லயும் இதே கதை தான். எல்லாரோட போன் ரெக்கார்டையும் அரசாங்கம் மொத்தமா அள்ளினது 2013ல வெளிய வந்துச்சு. ஒரு பயங்கரவாத விசாரணைலயாவது இதனால உருப்படியா வித்தியாசம் வந்துச்சான்னு அரசாங்கமே வச்ச கண்காணிப்பு வாரியம் தேடிப் பாத்துட்டு, ஒன்னுகூட கிடைக்கலன்னு 2014ல எழுதுச்சு. 2015ல நீங்க அதை நிறுத்தினீங்க, அதுக்கு தேங்க்ஸ், நெஜமா தான் சொல்றேன். வெளிச்சம் பட்டா நீங்க வேலை செய்வீங்கன்னு தெரியுது, அதான் இவ்ளோ எழுதறேன்.

ட்ரோன் கணக்குக்கும் அந்த வெளிச்சம் கொஞ்ச நாள் இருந்துச்சு. போர் நடக்காத இடங்கள்ல 2009 முதல் 2015 வரைக்கும் 473 தாக்குதல், செத்த பொதுமக்கள் 64 முதல் 116 வரைன்னு 2016ல அரசாங்கம் வெளியிட்டுச்சு. ரொம்ப கம்மியா காட்டறாங்கன்னு வெளிய எண்ணினவங்க சண்டை போட்டாங்க, போடட்டும், சண்டை போட ஒரு நம்பராவது இருந்துச்சே. 2019 மார்ச்ல ட்ரம்ப் ஒரு உத்தரவுல அதை எடுத்துட்டாரு. ராணுவத்தோட கணக்கு உங்க சட்டத்தால தப்பிச்சு நின்னுச்சு, தனியா ட்ரோன் அடிச்ச உளவு அமைப்பு சிஐஏவோட கணக்கு போச்சு.

நான் கேக்கறது இது தான். சிஐஏ கணக்கையும் சட்டமாவே போடுங்க, அடுத்து வர்ற யாரும் ஒரு கையெழுத்துல அழிக்க முடியாதபடி. அந்த 60 வார்த்தைக்கு ஒரு முடிவுத் தேதி வைங்க, வேணும்னா திரும்ப ஓட்டுப் போட்டு புதுசா வாங்கிக்கட்டும். செத்தவங்க சொந்தக்காரங்க புகார் குடுக்க ஒரு கதவு வைங்க, அதைத் தட்டினா உள்ள அடிச்சவங்களே உக்காந்து விசாரிக்காம வேற யாராவது இருக்கணும். உங்க ஆபீஸ்ல இருந்து வர்ற "கருத்துக்கு நன்றி" லெட்டர் எனக்கு வேணாம், அது ஏற்கெனவே ரெண்டு மூணு இருக்கு. அடுத்த தடவ அப்படி ஒரு குடும்பம் அவ்ளோ தூரம் வந்து உங்க கட்டடத்துல உக்காந்தா, அந்த ரூமுக்கு வாங்க.

இப்படிக்கு,
வரி கட்டுற ஒருத்தன்