நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ்

கண்ணு,

நேற்று போனில் நான் பாதி சொல்வதற்குள் "சரிங்மா, சரிங்மா" என்று வைத்துவிட்டாய். கடையில் ஜெராக்ஸுக்குக் கூட ஆள் வராத மத்தியான நேரம் இது. உட்கார்ந்து அடித்து அனுப்புகிறேன், பொறுமையாகப் படி.

குரோமைத் திறந்தால் வேறு ஏதோ தேடல் பக்கம் வருகிறது என்றாயே, போன வாரம் பிடிஎஃப் சேர்க்க இலவச மென்பொருள் ஒன்று போட்டாய் அல்லவா, அதோடு தொற்றிக்கொண்டு வந்திருக்கும்.

நீ சின்னப் பையனாக இருந்தபோது எனக்கும் நடந்தது. வைகாசி முகூர்த்த நேரம். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த கல்யாணப் பத்திரிகையை யூனிகோடுக்கு மாற்ற எங்கிருந்தோ ஒரு கன்வெர்ட்டரை இறக்கினேன். நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ். அது நன்றாகத்தான் வேலை செய்தது. ஆனால் பிரவுசரில் மூன்று டூல்பார் முளைத்திருந்தன. மறுநாள் மாப்பிள்ளையின் மாமா புரூஃப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, மணமக்கள் பெயருக்கு மேலேயே பார்க்கக் கூடாத விளம்பரம் ஒன்று வந்து நின்றது. மனுசன் மரியாதைக்கு ஃபேனைப் பார்த்தார். நான் மானிட்டரையே அணைத்துவிட்டேன்.

ராத்திரி அதே இன்ஸ்டாலரைத் திறந்து ஒவ்வொரு திரையாகப் படித்தேன். நான்காவதில் இருந்தது விஷயம். 'எக்ஸ்பிரஸ்' என்பது தடித்த எழுத்தில். 'கஸ்டம்' மட்டும் மங்கலாக, அமுக்கவே முடியாதது போல. அதை அமுக்கினால்தான் முன்கூட்டியே டிக் போட்டு வைத்த மூன்று பெட்டிகள் தெரிந்தன. என்னை யாரும் ஏமாற்றவில்லை, என் கையே சம்மதம் சொல்லியிருக்கிறது! உன் அப்புச்சி அந்தியூர்ச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் மாட்டுக்கு விலை பேச மாட்டார். தரகர் அவசரப்படுத்தினால் இன்னும் மெதுவாகப் பார்ப்பார்.

அப்புறம், எங்கிருந்து இறக்குகிறாய் என்பது. கூகுளில் முதலில் வருவது பல நேரம் காசு கொடுத்துப் போட்ட விளம்பரம். 'ஸ்பான்சர்டு' என்று சின்னதாக இருக்கும், தாண்டிப் போ. வீடியோ பார்க்கிற வி.எல்.சி. வேண்டுமென்றால் வீடியோலேன் டாட் ஆர்க், ஜிப் ஃபைல் பிரிக்கிற செவன்-ஜிப் என்றால் அதன் சொந்தத் தளம். நடுவில் பச்சையாக நான்கு 'டவுன்லோடு' பட்டன் மின்னுகிற பக்கம் என்றால் வெளியே வந்துவிடு. சந்தேகமான இன்ஸ்டாலரை வைரஸ்டோட்டல் என்ற இணையதளத்தில் ஏற்றினால் எழுபதுக்கு மேற்பட்ட ஸ்கேனர்கள் பார்த்துச் சொல்லும். ஆதார் நகல் மாதிரி சொந்தக் காகிதத்தை மட்டும் அதில் ஏற்றாதே, மற்றவர்கள் கைக்கும் போகும்.

கிராக், அதாவது காசு கொடுக்க வேண்டிய மென்பொருளின் பூட்டை உடைத்த திருட்டுப் பதிப்பு, அதைப் பற்றி நான் சொல்லவே வேண்டியதில்லை. கடைக்குப் பென் டிரைவோடு வருகிற பையன்கள் தினமும் கேட்கிறார்கள். அதோடு வரும் குறிப்பில் முதல் வரியே 'ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணவும்' என்றிருக்கும். நாயைக் கட்டிப் போடச் சொல்லிவிட்டு ஒருவன் வீட்டுக்குள் வந்தால் என்ன அர்த்தம்?

சரி, இப்போது செய்ய வேண்டியது. செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலைத் தேதி வாரியாக அடுக்கு. அந்த பிடிஎஃப் மென்பொருளைப் போட்ட நாளில் கூடவே வந்ததையெல்லாம் நீக்கு. குரோமில் எக்ஸ்டென்ஷன், தேடுபொறி, நோட்டிஃபிகேஷன் மூன்றிலும் நீ வைக்காதது ஏதாவது இருக்கிறதா பார். விண்டோஸ் செக்யூரிட்டியில் ஆஃப்லைன் ஸ்கேன் ஓட்டு. கணினி மறுபடி தொடங்கும், கால் மணி நேரம் போல ஆகும், பயப்படாதே. ஓட்டும் முன் திறந்திருக்கிற வேலையைச் சேமித்துக்கொள். பேங்க் பாஸ்வேர்டைப் பிரவுசரில் சேமித்திருந்தால் போனிலிருந்து மாற்றிவிடு. இதை இன்றைக்கே செய்.

தீரவில்லை என்றால் பாரியூர்க் குண்டம் திருவிழாவுக்கு வரும்போது லேப்டாப்பை எடுத்து வா, நான் பார்க்கிறேன். கச்சாயம் சுட்டு பஸ்ஸில் கொடுத்து விட்டிருக்கிறேன், நாளைக் காலையில் போய் வாங்கிக்கொள்.

அம்மா