குழி மூடும் முன்: கும்பகோணத்தின் தெருக்களைப் படமெடுக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் எடுத்துப் போடும் தெருப் படங்களை ஒன்று விடாமல் பார்த்து வருகிறேன். பள்ளத்தின் மேல் பலகை போட்டு அதன் வழியாகக் கடைக்குள் போகிறவர்கள், மண்மேட்டை ஒதுக்கிவிட்டு மிஞ்சிய ஒரு முழ இடத்தில் போட்ட கோலம், நின்றுபோன ரோலரின் நிழலில் தூங்கும் நாய். ஊரைத் தெரிந்தவர்தான் இப்படி எடுக்க முடியும். 2028-இல் மகாமகம் வருகிறது. அதற்குள் நம் தெருக்கள் குழாய்க்கும் புதுச் சாலைக்குமாக இன்னும் எத்தனை முறை திறந்து மூடப்படுமோ, உங்கள் வேலைக்கு இதைவிட முக்கியமான காலம் கிடையாது. அதனால்தான் இந்தக் கடிதம்.

பழைய சாலை உங்களிடம் இருக்கிறது, புதிய சாலையும் இருக்கிறது. நடுவில் தெருவின் வயிறு திறந்து கிடக்கும் இரண்டு மூன்று நாள்தான் இல்லை. தார் மூடிவிட்டால் எல்லாத் தெருவும் ஒரே கறுப்பு. உள்ளே என்ன போட்டார்கள், எவ்வளவு போட்டார்கள் என்பதை அதற்குப் பிறகு எந்தக் கேமராவாலும் காட்ட முடியாது.

முதலில் ஓர் அளவுகோல் செய்துகொள்ளுங்கள். ஒரு மீட்டர் மரச்சட்டம், பத்து பத்து சென்டிமீட்டருக்குக் கறுப்பும் வெள்ளையுமாகப் பெயின்ட். அளவுகோல் இல்லாமல் எடுத்த பள்ளம் முழங்கால் ஆழமா, ஆள் ஆழமா என்று பத்து வருடம் கழித்து யாராலும் சொல்ல முடியாது. சட்டத்தைப் பள்ளத்தின் விளிம்பில் செங்குத்தாகக் கட்டித் தொங்கவிட்டு, விளிம்புக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து எடுங்கள். நீங்கள் விளிம்பில் நிற்க வேண்டாம். காவிரிக்கும் அரசலாற்றுக்கும் நடுவே இருக்கும் வண்டல் மண் இது. ஊற்றெடுத்தால் பக்கச்சுவர் சொல்லாமல் சரியும். குறைந்தது ஒன்றரை மீட்டர் தள்ளி நில்லுங்கள். ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழம் போகும் பள்ளத்துக்குப் பக்கவாட்டில் பலகை முட்டுக் கொடுக்க வேண்டும் என்பது விதி. முட்டு இருந்தால் அதை எடுங்கள். இல்லையென்றால் இல்லாததையும் எடுங்கள்.

குழாய் பதித்து மண் மூடுவதுதான் எல்லாரும் பார்க்காமல் விடும் கட்டம். அதிகம் போனால் 30 சென்டிமீட்டர் மண், அதன் மேல் தண்ணீர், பிறகு திமிசால் இடித்து இறுக்குவது. பிறகு அடுத்த அடுக்கு. இப்படித்தான் மூட வேண்டும். ஜேசிபியால் ஒரே தள்ளாகத் தள்ளி மேலே சக்கரம் ஏற்றி மூடிவிட்டால், ஐப்பசி மழைக்கு மண் இறங்கும். குழாய் போன பாதை முழுவதும் தெருவில் நீளமாக ஒரு வாய்க்கால் விழும். பிறகு ஜனங்கள் தார் சரியில்லை என்பார்கள். தாரில் ஒன்றுமில்லை, அதற்குக் கீழே இருக்கிறது கோளாறு. மண் மூடும்போது ஒன்று, மறுநாள் அதே இடத்தில் ஒன்று, முதல் பெருமழைக்குப் பின் ஒன்று. இந்த மூன்று படமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஒரு வார்த்தை விளக்கம் தேவைப்படாது.

தார் போடும் நாளில் விடியற்காலை போங்கள். எதிர்வெளிச்சத்தில் கலவையிலிருந்து எழும் ஆவி நன்றாகப் படத்தில் விழும். ஆவி அழகுக்கு மட்டும் இல்லை, அது ஒரு சாட்சி. சாலைக்கு வழக்கமாகப் போடும் வி.ஜி. 30 என்ற ரகத் தாராக இருந்தால் கலவையை விரிக்கும்போது குறைந்தது 140 டிகிரி செல்சியஸ் சூடு இருக்க வேண்டும். ரோலர் ஓட்டி முடிக்கும்வரை 90-க்குக் கீழே இறங்கக்கூடாது. தூரத்தில் கலவை தயாரிக்கும் பிளான்டிலிருந்து வந்து, தார்ப்பாய் மூடாமல் தெருமுனையில் காத்துக் கிடந்த லாரிக் கலவை ஆறிவிடும், கட்டி கட்டியாக விழும், எவ்வளவு உருட்டினாலும் இறுகாது. ஆறு மாதத்தில் ஜல்லி தனித்தனியாகப் பெயர்ந்து வரும். லாரி வந்த நேரம், கொட்டிய நேரம், கடைசி ரோலர் ஓடிய நேரம் மூன்றும் உங்கள் படத்திலேயே பதிவாகும், கேமராவின் கடிகாரம் சரியாக இருந்தால். மாதம் ஒருமுறை அதைச் சரிபாருங்கள்.

புதுத் தாரை எடுக்கும்போது கேமராவின் வெளிச்சம் அளக்கும் மீட்டர் ஏமாறும். கறுப்பைச் சாம்பலாக்கப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும்; முக்கால் முதல் ஒரு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதி) குறைத்து வையுங்கள். புது சிமென்ட் சாலையில் நேர் எதிர், கொஞ்சம் கூட்ட வேண்டும். சிமென்ட் தூசி லென்ஸில் படிந்தால் ஈரத்துணியால் துடைக்கவே துடைக்காதீர்கள். ஈரம் பட்டால் பிடித்துக்கொள்ளும், தேய்த்தால் கீறும். முதலில் ஊதுகுமிழால் ஊதிவிட்டு, பிறகு மென்தூரிகை, கடைசியில்தான் துணி. வேலை நடக்கும் இடத்தில் லென்ஸ் மாற்ற வேண்டாம். 35 எம்.எம். ஒன்றோடு போய்விடுங்கள், எல்லாப் படத்துக்கும் அதே லென்ஸ் என்றால் ஒப்பிடவும் சுலபம்.

ஒப்பிடுவது என்றதும் நிற்கும் இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாக்கட்டியில் குறி போட்டால் ஒரு மழைக்கு நிற்காது, பெயின்ட் குறி புதுத் தாருக்கடியில் போய்விடும். தரையில் குறி வைக்காதீர்கள், பார்வையில் வையுங்கள். பக்கத்தில் இருக்கும் மின்கம்பத்தின் இடது ஓரமும் தூரத்தில் தெரியும் சாரங்கபாணி கோயில் ராஜகோபுரத்தின் வலது ஓரமும் ஒரே கோட்டில் வருமாறு நில்லுங்கள். அது ஒரு கோடு. தெருவின் மறுபக்கத்தில் ஒரு மாடிச் சுவரும் அதற்குப் பின்னால் இருக்கும் தண்ணீர்த் தொட்டியுமாக இன்னொரு சோடியைப் பிடியுங்கள். இரண்டு கோடும் வெட்டும் புள்ளி தெருவில் ஒன்றே ஒன்றுதான். அரை அடி நகர்ந்தாலும் பக்கத்துப் பொருள் விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். கேமரா உயரத்தை 150 சென்டிமீட்டர் என்று ஒரேயடியாக வைத்துக்கொள்ளுங்கள். மின்கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணை நோட்டில் குறித்துவிடுங்கள். கட்டடங்கள் மாறினாலும் தேட ஒரு பிடி இருக்கும்.

முழுத் தெருவையும் ஒரு பக்கமாகப் பதிய வேண்டுமானால், நடுவில் நின்று அகலக் கோணத்தில் எடுப்பது பயன்படாது. ஓரத்து வீடுகள் இழுபட்டுப் போகும். 1858-இல் லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேயப் புகைப்படக்காரர் தஞ்சைப் பெரிய கோயிலின் அடிப்பீடத்துக் கல்வெட்டுகளைப் பதிந்தபோது, கேமராவைச் சுவருக்கு இணையாக நகர்த்திக்கொண்டே போய் 21 படங்களை ஒட்டி ஒரே நீளப் படமாக்கினார். அதே முறைதான். எதிர்ச் சிறகில் சுவர் ஓரமாக மூன்று மீட்டருக்கு ஒரு படம், ஒன்றோடொன்று மூன்றில் ஒரு பங்காவது மேற்படிய வேண்டும். தெரு மிகக் குறுகலாக இருந்தால் இரண்டு மீட்டருக்கு ஒன்று. ஞாயிறு காலை ஆறரைக்குப் போனால் வண்டிகள் மறைக்காது.

இந்த நீளப் படத்தில் நான் முதலில் தேடுவது திண்ணைப் படிகளைத்தான். பழைய வீட்டின் வாசற்படி ஒன்று சுமார் 16 சென்டிமீட்டர் உயரம். பழைய தாரைச் சுரண்டாமல் 4 சென்டிமீட்டர் கனத்தில் நான்கு தடவை மேலே போட்டால் ஒரு படி முழுதாகத் தெருவுக்குள் போய்விடுகிறது. நான்கு படி ஏறிப் போன வீட்டுக்கு இன்று இரண்டு படிதான் என்றால், மற்ற இரண்டும் சாலைக்கு அடியில் இருக்கின்றன. அடுத்த கட்டத்தில் மழைத் தண்ணீர் திண்ணை ஏறும், பிறகு வாசலுக்கு அடுத்த ரேழிக்குள் போகும். வீட்டுக்காரர் கடன் வாங்கித் தரையை உயர்த்துவார், இல்லையென்றால் வீட்டையே இடிப்பார். ஓடு வேய்ந்த வீடுகள் மறைவதற்கு இது ஒரு பெரிய காரணம் என்பது என் உறுதியான எண்ணம். பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதிதாகப் போட வேண்டும் என்று 2021-இல் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு அறிவுறுத்தினார். சுரண்டினார்களா என்பதற்கு மிகச் சிறந்த சாட்சி படிகளே. ஒவ்வொரு படியோடும் அளவுகோலை வைத்து, வேலைக்கு முன்னும் பின்னும் எடுங்கள். வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான், பெரும்பாலும் அவர்களே பழைய கல்யாண ஆல்பத்தைக் கொண்டுவந்து காட்டுவார்கள். மாப்பிள்ளை அழைப்புப் படத்தில் வாசற்படி முழுதாகத் தெரியும். அதையும் நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் நான்காம் வாரத்திலும் உச்சிவேளையில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே நிற்கும். நிழலே விழாது, எவ்வளவு பெரிய மேடுபள்ளமும் தட்டையாகத் தெரியும். சாய்ந்த வெயிலில் எடுங்கள். அதைவிட, மழை விட்ட பிறகு எடுங்கள். தேங்கிய தண்ணீர் எந்தக் கருவியையும்விட நேர்மையாக மட்டம் பார்க்கும். விட்டவுடன் ஒரு படம், ஒரு மணி நேரம் கழித்து ஒன்று, மூன்று மணி கழித்து ஒன்று.

வேலை செய்கிறவர்களின் முகங்கள் உங்கள் படத்தில் மிக நன்றாக இருக்கின்றன. கேட்டு எடுங்கள், அடுத்த முறை போகும்போது ஒரு பிரின்ட் கொடுங்கள். வெளிமாநிலத்துப் பிள்ளைகள் பலர். ஊருக்கு அனுப்ப அவர்களிடம் வேறு படம் இருக்காது. ஆனால் ஹெல்மெட் இல்லாமல், முட்டு இல்லாத பள்ளத்தில் நிற்கும் ஒருவரின் முகம் தெரியப் பொதுவில் போடாதீர்கள். கேள்வி கான்ட்ராக்டரிடம் போகாது, அந்தப் பையனின் கூலி போகும். முதுகுப்புறமாக எடுத்தாலும் ஆபத்து தெரியும்.

தெருவில் வேலை விவரப் பலகை வைத்திருந்தால் முதல் படம் அதுதான். பலகை இல்லாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறது. ஆவணம் கேட்பதற்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். வேலையை நேரில் பார்வையிடவும், பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியைப் பெறவும் அதே சட்டம் உரிமை தருகிறது. அப்படி வாங்கிய வேலை மதிப்பீட்டு நகலில் தாரின் கனம் எவ்வளவு என்று தெரிந்துகொண்டு போனால் அளவுகோலை எங்கே வைப்பது என்பதும் தெரியும்.

கடைசியாக, வீட்டுக்கு வந்த பிறகு செய்வது. குறிப்பை அன்றிரவே எழுதுங்கள். ஒரு வாரம் போனால் எந்தச் சந்து என்று உங்களுக்கே குழம்பும். கோப்பின் பெயர் ஆண்டு, மாதம், நாள், தெரு எண், வரிசை எண் என்று எண்களாகவே இருக்கட்டும்; தெருக்களுக்கு எண் கொடுத்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். குறிப்பைப் படக் கோப்புக்குள்ளேயே பதிந்துவிட்டால் படமும் செய்தியும் பிரியாது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் நேரமும் இடமும் அழிந்து, படமும் சுருங்கிவிடும். ஆவணமாக அனுப்புங்கள். வாரம் 100 படம், ஒன்று 30 எம்.பி. என்றால் வருடத்துக்கு 156 ஜி.பி.; ஒரு டெராபைட் டிஸ்க் ஆறு வருடம் தாங்கும். அப்படி இரண்டு டிஸ்க் வாங்கி ஒன்றை வேறு ஊரில் உறவினர் வீட்டில் வையுங்கள். இரண்டும் ஒரே அலமாரியில் இருந்தால் ஒரு வெள்ளத்துக்கு இரண்டும் போகும்.

மாசி மகத் தேருக்கு முன்னால் தேர் போகும் வீதிகளில் வெட்டிய இடங்களையெல்லாம் அவசரமாக மூடுவார்கள். அந்த வாரம் வேறு வேலை ஒப்புக்கொள்ளாதீர்கள். அளவுகோலை இப்போதே அறுக்கக் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் படங்களை விடாமல் பார்க்கும் ஒரு ஊர்க்காரர்