52 கிலோவில் என்ன குறை?

அன்புத் தோழிக்கு,

உன் செய்தியை நேற்று ராத்திரியே படித்துவிட்டேன். போனில் பேசினால் இரண்டு பேருமே அழுதுவிடுவோம், அதனால்தான் எழுதுகிறேன்.

மகள் ஹாஸ்டலில் காலை டிபனை விட்டுவிட்டாள், ராத்திரி ஒரு ஆப்பிளோடு படுத்துவிடுகிறாள், சோற்றைக் கண்டாலே பயப்படுகிறாள் என்று எழுதியிருக்கிறாய். நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். 158 செ.மீ. உயரம், 52 கிலோ, அப்படியென்றால் உயரத்துக்கு எடை சரியா என்று காட்டும் பி.எம்.ஐ. 20.8. நம்மைப் போன்ற ஆசிய உடம்புக்கு 18.5-லிருந்து 23 வரை சரியான எடை என்கிறார்கள், அவள் அதற்கு நட்டநடுவில் இருக்கிறாள். பிறகு குண்டு என்று அவளுக்குச் சொன்னது யார்? உங்கள் வீட்டு நிச்சயதார்த்தத்தன்று "ஹாஸ்டல் சாப்பாடு நல்லா ஒத்துக்குது போல, கன்னம் உப்பிப் போச்சே" என்று நாலு பேராவது அவளிடம் சொன்னார்கள். நானும் பக்கத்தில் நின்று சிரித்தேன். அது இன்னும் உறுத்துகிறது.

நாம் ஹாஸ்டலில் இருந்த காலத்தில், மதுரை ஜங்ஷனில் காசு போட்டால் விளக்கெல்லாம் மின்னி அட்டை விழுமே, அந்த எடை மெஷின் ஞாபகம் இருக்கிறதா? ஊருக்குப் போகும்போதெல்லாம் ஏறி நிற்போம். இரண்டு கிலோ கூடியிருந்தால் நான் ஒரு வாரம் ராத்திரிச் சாப்பாட்டைத் தொடமாட்டேன், நீ உன் தட்டிலிருந்து சப்பாத்தியைப் பேப்பரில் சுற்றி எடுத்துவந்து என் கட்டிலில் வைத்துவிட்டுப் போவாய். மாடி ஏறினால் மூச்சு வாங்கும், முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும். எல்லாம் ஹாஸ்டல் உப்புத் தண்ணீரால்தான் என்று நம்பிக்கொண்டிருந்தோம். கடைசி வருஷம் எனக்கு ரத்தம் பார்த்தபோது ஹீமோகுளோபின் 8.9. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை.

அதனால் முதலில் அவளுக்கு ரத்தப் பரிசோதனை செய்துவிடு. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. அவள் வயதில் ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர்., ஆணுக்கோ 19 போதும். மூன்று வேளை ஒழுங்காகச் சாப்பிட்டாலே அந்த அளவை எட்டுவது கஷ்டம், இரண்டு வேளையை விட்டால் எங்கிருந்து வரும்? மெஸ்ஸில் கீரையும் சுண்டலும் போடும் நாளில் அதைத் தள்ளிவிடாமல், கொஞ்சம் எலுமிச்சை பிழிந்து சாப்பிடச் சொல். சாப்பிட்ட கையோடு டீ மட்டும் வேண்டாம், இரும்புச்சத்து உடம்பில் சேராமல் அது தடுத்துவிடும்.

என் மகனுக்கு இதே பிரச்சினை வேறு உருவத்தில் வந்தது. "தோள் இல்லை, ஒல்லிக்குச்சி" என்று யாரோ சொல்ல, ஜிம்மில் சேர்ந்து, மாதச் செலவுக்கு அனுப்பும் பணத்தில் பாதியைப் புரோட்டீன் பவுடருக்கே கொடுத்துக்கொண்டிருந்தான். 60 கிலோ ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 50 கிராம் புரதம் போதும், எடை தூக்குகிறவனுக்கு இன்னும் கொஞ்சம் கூட வேண்டும், அவ்வளவுதான். இரண்டு முட்டையில் 12 கிராம், ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் ஏறக்குறைய அதே அளவு, ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் ஏழு, அப்புறம் பாலும் பருப்பும் இருக்கவே இருக்கிறது. தசை வளர்க்கப் பவுடர் வேண்டாம் என்று 2024-இல் வந்த ஐ.சி.எம்.ஆர். வழிகாட்டியே சொல்லியிருக்கிறது. இப்போது அவன் பவுடரை விட்டுவிட்டான், ஜிம்முக்கு மட்டும் சந்தோஷமாகப் போகிறான்.

இன்னொன்று, மாதவிலக்கு தள்ளிப்போகிறதா என்று அவளிடம் மெதுவாகக் கேள். அப்படி இருந்தாலோ, சாப்பிட்டதை அவளே வாந்தி எடுக்கிறாள் என்று தெரிந்தாலோ, தயங்காமல் டாக்டரிடம் கூட்டிப்போ, மனநல ஆலோசகரையும் பார். திட்டித் திருத்துகிற விஷயமில்லை இது.

பொங்கலுக்கு அவள் வரும்போது நானும் வருகிறேன். எடையைப் பற்றி யார் வாயைத் திறந்தாலும் நான் பார்த்துக்கொள்கிறேன். நீ அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடு.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்